நீக்கப்பட்ட தலைவரின் வீட்டில் கூட்டம்

ஆரியசாலையில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் கதர்ச்சட்டை போட்ட இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். இளையவர் திடீரென்று குரலை உயர்த்தினார்.

“என்ன அண்ணாச்சி இது? சர்க்காருக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்து ஜெயிலிலருந்து வந்தாருன்னு தலைவரைக் கட்சியை விட்டே நீக்கினீங்க. பொறவும் கூட்டம் அவரு வீட்டிலயா?”

“வேற யாருடே நமக்கு இடம் தருவா? போலீஸுக்குப் பயந்து எல்லாரும் கதவை அடைச்சாச்சு.”

“நான் ஒரு வருஷம் முழுசா உள்ள கெடந்தேன். மன்னிப்பு எழுதல்லையே.”

“நீ சின்னப் பையன், தாங்கின. அவருக்கு நெஞ்சுவலி.”

“நீக்கின அன்னைக்கும் அங்கதான் கூடினீங்களா?”

“அங்கதான். தீர்மானத்தை எழுதினதும் அவருதானாக்கும். நம்மில யாருக்கு அத்தனை நல்ல இங்கிலீஷ் வரும்?”

இளையவர் சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை.

“வாசிச்ச பொறவு ஒருத்தனும் கை தூக்கல்லை. அவரு அடுக்களையிலருந்து வந்து, ‘தூக்குங்கடே, கட்சி நிக்கணும்’னாரு. அழுதுகிட்டே தூக்கினோம். அப்பறம் அவரே எல்லாருக்கும் காப்பி கொண்டாந்தாரு.”

இளையவர் பெரியவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அப்போ புதுத் தலைவரு யாரு, அண்ணாச்சி?”

“அதை அவருகிட்ட கேக்கத்தான் இப்பப் போறோம்.”