குக்கரில் வெடித்த கேக்

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். வெளியே உப்பளம் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. ஜன்னலோரம் இருந்த சின்னவள் சாவகாசமாகச் சொன்னாள்:

“எங்க வூட்ல கேக் வெடிச்சிடுச்சுக்கா.”

நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“வெடிச்சுதா? உள்ள என்னாத்தடி போட்ட?”

“உப்புதான். லீவுல ஆளாளுக்கு கேக் செய்றாங்களேன்னு, அவரு பொறந்த நாளைக்கு நானும் எறங்கிட்டேன். குக்கர் அடியில உப்பக் கொட்டி, அது மேல கேக் டப்பாவ வச்சு சூடு பண்ணணும்னு வீடியோவுல சொன்னாங்க.”

“சரி.”

“நமக்கு உப்புக்கா பஞ்சம்? எங்க உப்பளத்து மூட்டையிலேர்ந்து அள்ளிக் கொட்டுனேன். ஈரம் காயல போல. சூடு ஏறுனதும் படபடபடன்னு தீபாவளிதான். பக்கத்து வூட்ல கதவச் சாத்திட்டாங்க.”

“கேக்கு?”

“பாதி உப்பு துள்ளி அது மேலதான் வுழுந்துச்சு. ஜவ்வரிசி தூவுனாப்புல அழகாதான் இருந்துச்சுக்கா. வெட்டி ஊட்டுனேன். கண்ண மூடிட்டாரு.”

“துப்பிட்டாரா?”

“மென்னு முழுங்கிட்டு, ‘இது கெழக்குப் பாத்தி உப்பு, இன்னும் ரெண்டு நாள் காயணும்’னாரு.”

“அய்யய்யோ. நீ அழுவலியா?”

“ஏன் அழுவணும்? கல்யாணம் ஆனதுலேர்ந்து என் சமையலப் பத்தி அவரு வாயத் தொறந்ததே அன்னிக்குத்தான். அடுத்த கேக்கு மேக்குப் பாத்தி உப்புல.”