மறுபடியும் தலைமடையிலிருந்து

நியூஜெர்சியில் கிடைக்காத பொருள் என்று எதுவும் இல்லை. நாகூர்ப் பக்கத்துக் கருவாடு கிடைக்கும், கும்பகோணம் வெற்றிலை கிடைக்கும், கொஞ்சம் அலைந்தால் பொன்னி அரிசி மூட்டையாகவே கிடைக்கும். எனக்கு அங்கே கிடைக்காமல் போனது மரியாதை ஒன்றுதான். சவேரியார்புரத்தில் நான் தெருவில் இறங்கினால், எதிரே சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். நியூஜெர்சியில் என் மேலதிகாரி, ஜெரால்ட் என்ற என் பெயரை ஜெரி என்று சுருக்கி, என் வேலையைத் தன் மகன் வயதுப் பையனிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்குத் தேதி குழம்பிவிடும் என்ற ஒய்2கே கூத்துக்காக எங்களை விமானம் விமானமாக ஏற்றிக்கொண்டு போனவர்கள், இரண்டாயிரமாவது ஆண்டு ஒன்றும் ஆகாமல் பிறந்ததும், எங்களை எதற்கு அழைத்தோம் என்பதையே மறந்துவிட்டார்கள்.

விருதுக் குழுவின் சார்பாக பெங்களூரிலிருந்து சவேரியார்புரத்தில் எங்கள் வீடு வரைக்கும் வந்து, 'நீர்முறை' மென்பொருளை எதற்காக எழுதினேன் என்று கேட்கிறீர்கள். அதற்கு இதுதான் பதில். ஊருக்கு நல்லது செய்ய எழுதினேன் என்று முன்பு பேட்டிகளில் சொன்னதும் பொய்யில்லை. ஊரில் நானும் ஒருவன்தானே.

எங்கள் வாய்க்கால் அரசலாற்றிலிருந்து பிரிகிறது. முதலில் எங்கள் சவேரியார்புரம், நடுவே இரண்டு ஊர், கடைசியில் கீழ்ப்பாதி. நாங்கள் தலைமடை, அவர்கள் கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்துத்தான் விட முடியும்: இந்த ஊருக்கு இத்தனை நாள், பிறகு அடுத்த ஊருக்கு இத்தனை நாள். முன்பெல்லாம் அதை முடிவு செய்யப் பாசன சங்கத்தில் கூட்டம் போடுவார்கள். வேட்டி அவிழாமல் முடிந்த கூட்டம் குறைவு. நான் சங்கத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து, முறையைக் கணக்கிடும் புரோகிராமையும் எழுதி அனுப்பினேன். சங்கத் தலைவர் அருள்சாமி என் சித்தப்பா. அவர் பொத்தானை அழுத்துவார், அட்டவணை அச்சாகி வரும், சங்கத்துக் கதவில் ஒட்டுவார். மதகுக்குப் பொறுப்பான லஸ்கர் வேம்பு அதைப் பார்த்துத் தண்ணீரைத் திருப்பிவிடுவார். யாரும் சத்தம் போடுவதில்லை. மனிதன் போட்ட கணக்கென்றால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம். கம்ப்யூட்டருக்குச் சட்டை ஏது?

நான் அதோடு நிற்கவில்லை. புரோகிராமைத் திறமூல மென்பொருளாக இணையத்தில் வெளியிட்டேன். காசு கொடுக்காமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே இருப்பதை வரிக்கு வரி படிக்கலாம், தப்பிருந்தால் திருத்தி எனக்கு அனுப்பலாம். ஏற்பதும் தள்ளுவதும் பராமரிப்பாளரான என் பொறுப்பு. வெளியிட்ட வாரமே பிரேசிலிலிருந்து ஒருவர் பாராட்டி எழுதினார். முன்பின் தெரியாத அந்த மனிதர் எனக்காகச் சைக்கிளிலிருந்து இறங்கியது போல இருந்தது.

கீழ்ப்பாதியிலிருந்து ஒரு திருத்தம் வரும் என்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அனுப்பியவள் கயல்விழி. தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். கும்பகோணத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பியிருந்தாள். அவள் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம்.

"சார், ஆத்துல தண்ணி நின்னு திரும்ப வரும்போது உங்க புரோகிராம் விட்ட எடத்த மறந்துடுது. மறுபடியும் தலைமடையிலேர்ந்தே ஆரம்பிக்குது. திருத்தி அனுப்பியிருக்கேன். நாலு வரிதான். பாருங்க."

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் பாதி இலைக்குப் பரிமாறும்போது சாம்பார் தீர்ந்துவிடுகிறது. மறுபடி வாளி வரும்போது விட்ட இலையிலிருந்துதானே தொடர வேண்டும்? என் புரோகிராம் மறுபடியும் முதல் இலைக்குப் போய்விடும். நல்ல மழை வருஷத்தில் இது தெரியவே தெரியாது. அந்த வருஷம் அணையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் வந்ததும் சித்தப்பா பொத்தானை அழுத்துவார், சவேரியார்புரம் நனையும், கீழ்ப்பாதி நெருங்குவதற்குள் ஆறு நின்றுவிடும்.

கயல்விழி மருதையனின் மகள். மருதையன் எங்கள் பண்ணையில் உழுதவன். தொண்ணூறுகளில் நிலபுலனை விற்றுக் காசாக்கிக்கொண்டு ஆளாளுக்குப் பட்டணத்துக்கு ஓடியபோது, அப்படி ஓடிய ஒருவரிடம் கீழ்ப்பாதியில் கொஞ்சம் நிலம் வாங்கியிருந்தான். அதை அடமானம் வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தான். அந்த வருஷச் சம்பா நெல் வீடு வந்து சேர்ந்தால் அவள் படிப்பை முடிப்பாள், இல்லாவிட்டால் நிலமும் போகும், படிப்பும் போகும். இது ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கு அம்மா ஃபோனில் சொல்லித் தெரியும்.

நான் அவளுக்கு மரியாதையாகப் பதில் எழுதினேன். உங்கள் பங்களிப்பை மதிக்கிறோம், ஆனால் வரிகளுக்கு முன்னால் விட்டிருக்கும் இடைவெளி நமது வழக்கப்படி இல்லை என்றேன். மதிக்கிறோம் என்றதில் இருந்தது நான் ஒருவன்தான், இருந்தாலும் பன்மையில் எழுதினால்தான் அழகு. அவள் மறுநாளே இடைவெளியைச் சரிசெய்து அனுப்பினாள். திருத்தம் சரியாக ஓடுகிறது என்பதற்குச் சோதனைகள் எழுதித் தரும்படி கேட்டேன். எழுதித் தந்தாள். விளக்கக் குறிப்பு கேட்டேன். அதையும் தந்தாள். இனிக் கேட்பதற்கு ஒன்றும் இல்லாததால், பொது விவாதத்துக்கு வைத்தேன். பிரேசில்காரரும் ஒரு ஜெர்மானியரும் அந்த நாலு வரியில் ஒன்றுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று வாரக்கணக்கில் விவாதித்தார்கள். இருவருமே நெல்வயலைப் பார்த்ததில்லை, ஆனால் நல்ல படிப்பாளிகள். அதற்குள் இங்கே ஆற்றில் தண்ணீர் வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

அப்போதுதான் அவள் கொஞ்சம் நிதானம் இழந்தாள். "சார், இங்க பயிர் கருகுது. பேரு வைக்கிறத அப்புறம் பாத்துக்கலாம். ஒங்களுக்குப் புரியுதா இல்லையா?" என்று எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதிவிட்டாள். நம் திட்டத்துக்கு ஒரு நடத்தை விதி வேண்டும் என்று எனக்கு அன்றுதான் தோன்றியது. உட்கார்ந்து எழுதினேன். பங்களிப்பாளர்கள் உணர்ச்சிவசப்பட்டு ஒருவரையொருவர் நெருக்கக் கூடாது என்பது அதில் முதல் விதி. முதல் எச்சரிக்கையும் அவளுக்கே போயிற்று. திட்டம் முதிர்ச்சி அடைந்துவிட்டது என்று பிரேசில்காரர் வாழ்த்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா ஃபோனில் பேசினார். "தம்பி, நம்ம வயல் பச்சைப் பசேல்னு நிக்குதுடா. கீழ்ப்பாதிப் பக்கம் போனா பார்க்கவே பாவமா இருக்கு. ஒவ்வொருத்தர் ராசி அப்படி." அமலோற்பவம், அதாவது மாசில்லாமல் உற்பவித்தவள் என்று பெயர் வைத்ததற்கு ஏற்ப, என் அம்மாவுக்கு இன்று வரைக்கும் சூதுவாது தெரியாது.

கயல்விழி பிறகு ஒரு காரியம் செய்தாள். என் புரோகிராமைப் பிரதி எடுத்து, தன் நாலு வரியைச் சேர்த்து, தானே ஓட்டி, வந்த அட்டவணையைச் சங்கத்துக் கதவில் எங்கள் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டாள். அதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு. உரிமத்தில் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். சித்தப்பாதான் பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"தம்பி, கதவுல ரெண்டு தாள் ஒட்டியிருக்கு. ஒண்ணுல நம்ம ஊருக்கு முறைங்குது, இன்னொண்ணுல கீழ்ப்பாதிக்குங்குது. எதுப்பா நெசம்?"

"என்னோடதுதான் அதிகாரப்பூர்வமானது, சித்தப்பா."

"அப்ப அந்தப் பொண்ணு போட்டது தப்பா?"

"அது இன்னும் பரிசீலனையில இருக்கு."

நான் சொன்னது அவ்வளவுதான். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்தப்பா அவள் தாளைக் கிழித்துவிட்டார். மருதையன் போய்க் கேட்டபோது, "மருதை, நானா போட்டேன்? கம்ப்யூட்டர் போட்டது. போய் அதுகிட்ட கேளு," என்றிருக்கிறார். "அதுகிட்டதாங்கய்யா எம்பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு," என்றானாம் மருதையன். சித்தப்பா இதை நகைச்சுவையாகத்தான் என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை மருதையன், தன் மகள் போட்ட கணக்கை இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு மதகுக்குப் போயிருக்கிறான். சங்கத்துத் தாள் இல்லாமல் திருப்ப முடியாது என்று வேம்பு சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மருதையன் தானே ஏறி மதகின் திருகைப் பிடித்துச் சுற்றியிருக்கிறான். நிற்கிற பலகை பழசு, முறிந்துவிட்டது. அங்கே தண்ணீர் நல்ல வேகம், சவேரியார்புரம் முறை நடந்துகொண்டிருந்ததல்லவா. ஆளைத் தேடினார்கள். எங்கள் வயல் மடையில்தான் ஒதுங்கியிருந்தான். அன்று ஒரு நாள் எங்கள் வயலுக்குத் தண்ணீர் தடைப்பட்டது. அம்மா அதைப் பெரிதுபடுத்தவில்லை.

போலீஸ் விபத்து என்று எழுதி முடித்தது. நானும் என் மனசாட்சியை ஏமாற்ற விரும்பாமல், அடுத்த விடுமுறைக்கு வந்தபோது பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். எங்கள் பங்குத்தந்தை பொறுமையாகக் கேட்டார். "திருடுனியா?" என்றார். இல்லை சுவாமி, இலவசமாகக் கொடுத்தேன் என்றேன். "பொய் சொன்னியா?" இல்லை, எல்லாம் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கிறது என்றேன். அவர் பரிகாரமாக மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். நான் ஐந்தாகச் சொன்னேன்.

கயல்விழி உங்களுக்கும் எழுதியிருக்கிறாள் என்றீர்கள். குற்றம் எதுவும் சாட்டாமல், அந்தப் பொது விவாதப் பக்கத்தின் முகவரியை மட்டும் அனுப்பியிருக்கிறாளாம். நல்லதுதான். படித்துப் பாருங்கள். என் வார்த்தைகளில் ஒன்றையாவது மரியாதைக் குறைவு என்று சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அவள் முதன்முதலில் அனுப்பிய அன்றைக்கே நான் அதை ஓட்டிப் பார்த்தேன். பழுதில்லாமல் ஓடியது. கீழ்ப்பாதிக்கு முறை வந்தது, பயிர் பிழைக்கும் அளவுக்கு நாளும் வந்தது. கம்ப்யூட்டரை அணைத்தேன், காபி போட்டுக் குடித்தேன், திரும்ப வந்து உட்கார்ந்து இடைவெளி சரியில்லை என்று எழுதினேன்.

தண்ணீருக்கு ஆசைப்பட்டு என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வயலுக்கு அந்த வருஷம் தேவைக்கு மேலேயே பாய்ந்தது. நாலு வரிதான், பாருங்க என்று எழுதியிருந்தாளே, அதை எத்தனை முறை படித்தாலும் அதில் அவள் சைக்கிளிலிருந்து இறங்கவே இல்லை.

எங்கள் ஊர் அறுவடை முடிந்ததும் இரண்டாம் பதிப்பை வெளியிட்டேன். அதில் அவள் திருத்தம் இருக்கிறது. வரிகளை என் நடையில் மாற்றி எழுதியதால் முறைப்படி என் பெயரில் பதிவாகியிருக்கிறது. இன்று ஏழெட்டு நாடுகளில் தண்ணீர் நின்று வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. நீங்கள் விருது தரப்போவதும் அந்தப் பதிப்புக்குத்தான். எனக்கும் நெஞ்சில் ஈரம் உண்டு. அந்தப் பதிப்புக்கு 'மருதை' என்று பெயர் வைத்தேன். இறந்துவிட்டபடியால் குறிப்பில் அவர் என்றே எழுதியிருக்கிறேன். நிலம் ஏலத்துக்குப் போய், படிப்பும் பாதியில் நின்று, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கயல்விழிக்கு அந்தக் குறிப்பை நானே அனுப்பி வைத்தேன். இன்று வரைக்கும் ஒரு வரி பதில் இல்லை. எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. இந்த வேலையை யாரும் நன்றியை எதிர்பார்த்தா செய்கிறார்கள்?