மூணு வெள்ளி

— அண்ணே, வானத்துல மூணு வெள்ளி எங்கன நிக்குது?

— இன்னும் உச்சிக்கு வரல, பாண்டி. ஒக்காரு.

— சத்தமாச் சொல்லுங்கண்ணே. காது கொய்யுனு இரையுது.

— உச்சிக்கு வரலங்கேன்! உச்சி தாண்டுனாத்தானலே கெணத்துல உன் மொற? அதுவரைக்கும் கமலை பூட்டித் தண்ணி எறைக்கது நான்தான்.

— அப்பா வச்ச மொறதான், மாத்தச் சொல்லல. ஆனா ஒக்காந்தபடியே மூணு தடவ தூங்கி முழிச்சுட்டேன். மூணு தடவையும் இதையே சொல்றீக. மார்கழி மாசத்து வெள்ளி அம்புட்டு நேரமா ஒரே எடத்துல நிக்கும்?

— நாரணாபுரத்து வெடி ஆபீசுக்குப் போகாதலேன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? கண்ணத் தொலச்சுட்டு வந்து என்னைய வேவு பாக்குற!

— வேவு இல்லண்ணே. மாரித்தாயி வாய்க்கா வெட்டி விட வாரேன்னா. வந்ததும் அவளப் பாக்கச் சொல்றேன்.

— அவ வந்து உன் பின்னாலதான் நிக்கா. ஏ மாரித்தாயி, இப்படி வா.

— அத்தான், மெதுவாப் பேசுங்க.

— உன் புருசனுக்கு எங்கன கேக்கும்? வெடி அவன் காதையும் பாதி தின்னுருச்சே.

— மூணு வெள்ளியும் மேக்க மறஞ்சு எம்புட்டு நேரமாச்சு! கெணத்துல தண்ணி கெடக்கா?

— எறைச்சு எறைச்சு சால் தரை தட்டிருச்சு.

— அப்ப இன்னைக்கும் அவுகளுக்கு இல்லயா? பத்து நாளா மொளகாச் செடி தொவண்டு கெடக்கு அத்தான். தடவிப் பாத்துட்டு வந்து சோறு திங்காம படுக்காக.

— செடி காஞ்சாத்தான் நெலத்த எனக்கு எழுதித் தருவான். எழுதுன அன்னைக்கே உன்னையும் புள்ளயையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். இல்ல, காலம்பூரா இவனுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே கெடக்கியா?

— காலம்பூரா இப்பிடி என்னால முடியாது.

— அப்ப நான் சொன்னதையே சொல்லு.

— ரெண்டு பேரும் அங்கன என்ன குசுகுசுக்கிறீக? மாரித்தாயி, இங்கன வா. என் கையப் புடிச்சுக்கிட்டு மேல பாரு. அண்ணன் என்ன சொன்னாலும் சரி, நீ சொல்லு, நான் நம்புதேன். மூணு வெள்ளி எங்கன நிக்குது?

— கெழக்கதான் மாமா நிக்குது. நடுச்சாமம்கூட ஆகல. இப்பிடிச் சாஞ்சு படுங்க, உச்சிக்கு வந்ததும் எழுப்புறேன்.

— என் தலையில ஏன் முந்தானையப் போத்துற?

— குளிரு மாமா. பனி கொட்டுது.

— எனக்குக் குளிரலயே, மாரித்தாயி. வெந்த கன்னத்துல வெயிலு சுள்ளுனு அடிக்குது.