பூஜையில் வைத்த சர்வர்

பொரியில் தேங்காய்ச் சில்லும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தால் அதற்கு ஈடான பலகாரம் கிடையாது. ஆயுத பூஜையன்று எங்கள் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அதை நான்தான் பிசைவேன். இன்ஸ்பெக்டரம்மா, கோட்டைப்பட்டினம் கிளையில் கம்ப்யூட்டர் பார்க்கிற இன்னாசி போன் செய்தபோதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த இன்னாசியைக் காலையிலிருந்து ஸ்டேஷனில் உட்காரவைத்திருக்கிறீர்கள். மரியசெல்வம் செத்ததற்கு அவனுடைய கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதப்போகிறீர்கள். அதற்கு முன்னால் இந்த ரெங்கசாமி சொல்வதையும் கேட்டுவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் திரை, பிரிண்டர், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றையும் ஓட்ட ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். டிரைவர் இல்லாவிட்டால் ஸ்பீக்கர் இருக்கும், சத்தம் இருக்காது. எங்கள் நான்கு கிளைகளில் இருநூற்றுப் பத்து கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றுக்கும் புதுக்கோட்டையில் இருக்கும் என் சர்வரிலிருந்துதான் டிரைவர் போகவேண்டும். கிளையில் யாரும் சொந்தமாக எதையும் ஏற்ற முடியாதபடி பூட்டி வைத்திருந்தேன். கம்பெனிவாரியாக, மாடல்வாரியாக ஃபோல்டர் போட்டு அடுக்கியிருந்தேன். அடுக்கு என்றால் எனக்கு உயிர். ஒருமுறை வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குள் ஒரு வெந்தயம் கிடந்தது. இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கடுகே தானாக விலகி வெந்தயத்துக்கு வழிவிட்டது. அமிர்தவல்லி சாட்சி, என் மனைவி.

ஒரே உறுத்தல், ‘இதர’ என்று ஒரு ஃபோல்டர். எந்த மாடலிலும் சேராத முப்பத்தேழு டிரைவர்கள் அதில் கிடந்தன. பூஜைக்கு முந்தின வாரம் தொடங்கி எல்லாக் கம்ப்யூட்டர்களையும் துடைத்துப் புதிதாக ஏற்ற ஏற்பாடு. பூஜைக்கு வீட்டைக் கழுவுகிறவன் குப்பையை மூலையில் விட்டுவைப்பானா? ‘இதர’வை அழிக்கிறேன் என்று மீட்டிங்கில் சொன்னேன்.

“அண்ணே, எங்க நர்ஸ் மேசை கம்ப்யூட்டரோட சவுண்டு டிரைவர் அதுலதான் கெடக்கு. பழைய மெஷினுண்ணே. அது போச்சுன்னா மணி அடிக்காது” என்றான் இன்னாசி, மேனேஜரை வைத்துக்கொண்டே.

நோயாளிக்கு நாடி இறங்கினால் அந்தக் கம்ப்யூட்டர் மணியடிக்கும். எனக்கும் தெரியும்.

“ஒன் மெஷினுக்கு ஒழுங்கா ஒரு பேரே இல்ல. அதுக்கு டிரைவர் ஒரு கேடாப்பா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நகல் ஒன்று எடுத்துவைத்துவிட்டு அழித்தேன்.

பூஜையன்று மத்தியானம் அவன் போனில் சொன்னது இதுதான்.

“காலையிலதான் நர்ஸ் மேசை மெஷினைத் தொடச்சு ஏத்துச்சு, சொன்ன மாதிரியே ஆயிருச்சுண்ணே. மணி அடிக்கல. வார்டுல பதினோரு பேரு இருக்காங்க. ஒடனே போட்டு விடுங்க.”

“சர்வரைப் பூஜையில வச்சாச்சுப்பா. நாளைக்கு விஜயதசமி முடிஞ்சுதான் தொடணும்.”

“எனக்குப் பூஜை இல்லைண்ணே. பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நானே போட்டுக்கிறேன்.”

“பாஸ்வேர்டு எழுதுன சீட்டும் பூஜையிலதான் இருக்கு.”

“வெளையாடாதீங்கண்ணே. நான் அங்கிட்டே வாரேன்” என்று வைத்துவிட்டான்.

கம்ப்யூட்டரில் முறைப்படி எனக்கு ஒரு புகாரைப் பதிந்தான். “அக்கா, புகார் சரியாயிருச்சுன்னு வர்ற வரைக்கும் திரையை விட்டு எந்திரிக்காதீங்க” என்று நர்ஸ் மணிமேகலையிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். அந்தப் பெண்ணும் சாப்பிடாமல், எல்லோருடைய நாடியும் ஓடுகிற அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. மரியசெல்வம் நெஞ்சுவலியோடு ஏழாவது கட்டிலில் இருந்தார். விசைப்படகு ஓட்டுகிறவர். வயது நாற்பத்தெட்டு.

மூன்றே முக்காலுக்கு அவருக்கு நாடி இறங்கியது. மணி அடிக்கவில்லை. மணிமேகலை அப்போது இரண்டாவது கட்டிலில் ஒரு ஆத்தாவுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தது. இன்னாசி அறந்தாங்கியில் டீ குடித்துவிட்டுக் கோட்டைப்பட்டினத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஏன் அப்படிச் செய்தார்கள் என்றுதானே கேட்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

அடுத்த வாரம் சர்வரைத் திறந்தேன். நான் அழித்த ‘இதர’ திரும்ப வந்திருந்தது. உள்ளே ஒன்றே ஒன்று. கம்பெனி இல்லை, மாடல் இல்லை. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘டிரைவர்’ என்று மட்டும் இருந்தது. அழித்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரும்ப வந்துவிட்டது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “காலியாத்தானேய்யா இருக்கு, ஒரு நல்ல கண்ணாடியாப் போடுங்க” என்று போய்விட்டார். கடற்கரைப் பக்கம் படகு ஓட்டுகிறவரையும் டிரைவர் என்றுதான் சொல்வார்களாம். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அதன்பிறகு அந்த அறையில் உப்புக் காற்று. ஏசி ஓடுகிற அறை, ஜன்னல் கிடையாது. சர்வரைத் துடைத்தால் துணியில் வெள்ளையாக ஒட்டுகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல உப்பு. இரண்டு நாள் குழம்புக்குக்கூட எடுத்துப்போனேன், அமிர்தவல்லி வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றை எந்த ஃபோல்டரில் வைப்பது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தூக்கம் போய்விட்டது. அதனால்தான் வந்தேன்.

நகலைத் திரும்பப் போட மூன்று நிமிடம் ஆகியிருக்கும். போட்டிருந்தால் மீட்டிங்கில் இன்னாசி சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும். நேரில் வந்தால் அவன் மேனேஜரையும் கூட்டிக்கொண்டு வருவான். ஒரு ‘இதர’வுக்காக முப்பது வருட அடுக்கை அவன் காலில் போட முடியுமா? அவன் வழியிலேயே திரும்பவேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அவனுடைய புகாரைத் திறந்து ‘சரி செய்யப்பட்டது’ என்று பதிந்தது நான்தான். அது அவன் போனுக்குப் போனது, மணிமேகலையின் திரைக்கும் போனது. அதை நம்பித்தான் அவன் திரும்பினான், அந்தப் பெண் எழுந்தது. ஆனால் பூஜைக்குப் பங்கம் வந்ததென்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. ஒற்றை விரலால்தான் தட்டினேன். கீபோர்டில் வைத்த குங்குமப் பொட்டுகூடக் கலையவில்லை.