அஞ்சு மணிக்குச் சோளம்

இட ஒதுக்கீட்டு மறியலில் புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஒரு மணி நேரமாக நகரவில்லை. முன் சீட்டில் இரண்டு பேர்.

"மானுக்குத் தீனி வெச்சதுக்கு மூணு மாசம் ஜெயிலு" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"மான சுட்டது நீயா மச்சான்?" என்றார் மற்றவர்.

"சுட்டது மொதலாளி. கல்வராயன் மலை அடிவாரத்துல, மரத்துல ஒரு டின்னு கட்டி அலாரம் கடியாரம் வெச்சாரு. அஞ்சு மணிக்கு அலாரம் அடிச்சா கடியாரத்துக்குப் பின்னாடி இருக்குற சாவி சுத்தி, அதுல கட்டுன கயித்த இழுக்கும். மூடி தொறந்து சோளம் கொட்டும். தெனம் சாவி குடுத்து சோளம் ரொப்புறது என் வேலை. ஒரு மாசத்துல மான் மணி சத்தத்துக்கே வந்து நின்னுக்கினு இருந்துச்சு. அப்பதான் துப்பாக்கிய எடுத்தாரு."

"ஃபாரஸ்ட்காரங்க அவர புடிக்கலியா?"

"சாவி குடுத்தது யாருன்னுதான் கேட்டாங்க. உண்மைய சொன்னேன்."

"இப்ப எங்க போற?"

"அவரு வூட்டுக்குத்தான். அஞ்சு மணிக்கு வந்தா நெல்லு தரேன்னு சொல்லி அனுப்பிச்சாரு."

ஜன்னலோரம் இருந்தவர் கண்டக்டரிடம் மணி கேட்டார். நாலேகால். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர், வெட்டிப்போட்ட மரத்தைத் தாண்டி வேகமாக நடக்க ஆரம்பித்தார்.