அரைஞாண் கயிற்றில் வந்த சாவி

போன ஞாயிறு காலை ஏழேகாலுக்குப் பெல்மதுளையிலிருந்து புறப்பட்ட றக்வான பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் போனை வைத்துவிட்டுத் தன் அக்காவிடம் சொன்னார்: "மெஷினுக்குள்ள என் பொணத்த தேடுறாங்களாம் அக்கா." ஓமானில் எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் வேலை, லீவில் வந்திருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

"என்னடா உளறுற?"

"மெஷினுக்குள்ள எறங்குறவன் சுவிட்சுல தன் பூட்ட மாட்டி, சாவிய தானே வச்சுக்கணும். அவன் வந்து தொறக்காம மெஷின் ஓடாது. தொலையாம இருக்கட்டும்னு அரைஞாண் கயித்துல கட்டுனேன். அப்பிடியே பிளேன் ஏறிட்டேன்."

"பூட்டு?"

"அங்கதான் தொங்குது. நான் இன்னும் உள்ளதான்னு நெனச்சுட்டாங்க."

"ஐயோ, வேலை போச்சா?"

"இல்லக்கா. நான் ஊருல பஸ்ல போய்ட்டு இருக்கேன்னதும் போர்மன் சிரிச்சிட்டாரு. ஆள் பத்திரம்னு தெரிஞ்சாச்சு, இனி பூட்ட வெட்டிருவாங்க. லீவு முடிஞ்சு வரச் சொல்லிட்டாரு."

அக்கா பெருமூச்சு விட்டார்.

"உன்னக் காணோம்னு மெஷினயே நிப்பாட்டி வச்சாங்களா?"

"ஆமா."

"அப்ப அங்கேயே வேலை செய்டா. ஆனா அடுத்த தடவ ஊருக்கு வாறப்ப இடுப்பத் தடவிப் பாத்துட்டு வா."