சல்வோவின் சீசன் முடிகிறது

— மெதுவாக் கதையுங்கோ அல்பேட் அண்ணை. வீட்டம்மா சிஞ்ஞோரா உள்ளுக்கை படுத்திருக்கிறா.

— ஓம், ஓம். வீடியோ டெக்கிலை ஒரு பிழையும் இல்லை, அகஸ்ரீனா. பெல்ட்டும் நல்லா இருக்கு.

— அப்ப ஏன் கசெற் நடுவிலை நிக்குது? ஞாயிறு மேட்ச் முடிய நான் முழுக்கப் பின்னுக்குச் சுத்தித்தான் விடுறனான். பிறகு வுச்சீரியாச் சந்தையிலை மீன் வாங்கிக்கொண்டு வந்து பாத்தால் பாதியிலை நிக்குது. மாதாவே! வீட்டிலை சிஞ்ஞோரா மட்டும்தான். அவவுக்குக் கண்ணும் தெரியாது.

— எந்த மேட்ச்?

— எதைப் போட்டாலும் இதுதான். எல்லாம் அவவின்ரை மகன் சல்வோ போன வருசம் அமெரிக்காவிலையிருந்து அனுப்பினது. "தொண்ணூற்றிரெண்டு சீசன்" எண்டு எழுதியிருக்கு பாருங்கோ. தலையிலை சட்டி மாட்டிக்கொண்டு இடிபடுவாங்களே, அந்த விளையாட்டு.

— புட்போல் எண்டு பேர், ஆனா ஒழுங்கா உதைக்கிறதுக்கு ஒரு ஆளைத்தான் வைச்சிருப்பாங்கள். பந்து முட்டை மாதிரி. ஒருத்தன் நிலத்திலை நிமித்திப் பிடிக்க, மற்றவன் ஓடிவந்து ரெண்டு கம்பத்துக்கு நடுவாலை அடிக்க வேணும். விளங்குதோ?

— அந்த அடிக்கிற ஆள்தான் சல்வோ. சம்பளத்துக்கு விளையாடினவன். இந்த வருச சீசன் பாதியிலை கார் அடிபட்டுச் செத்துப்போனான்.

— அவவுக்கு இன்னும் சொல்லேல்லையோ?

— அவவின்ரை பெறாமகன், தங்கச்சியின்ரை மோன், விடேல்லை. இருதயம் தாங்காதாம். அதாலை பழைய மேட்சைப் போட்டிட்டு, இது இந்தக் கிழமை மேட்ச் எண்டு சொல்லுறன். அவவுக்கு இங்கிலீசு விளங்காது. ஆனா வாற ஞாயிறோடை சீசன் முடியுது அண்ணை. முடிஞ்ச உடனை வீட்டை வாறன் எண்டு சல்வோ சொல்லிப்போட்டுப் போனவன். பிறகு நான் என்னத்தைப் போடுறது?

— பொறு. முதல் இதைப் பாப்பம். நாடா தானா ஓடினால் ஒண்டில் முதலிலை நிக்கும், இல்லாட்டி முடிவிலை நிக்கும். நடுவிலை நிண்டால் ஒரு விரல் நிப்பாட்டியிருக்கு. கொஞ்சம் பின்னுக்குச் சுத்திப் போடுறன். கேள்.

— ஐயோ, வர்ணனைக்காரன் சல்வோ எண்டு கத்துறான்!

— அவன் உதைச்ச கையோடை சிஞ்ஞோரா பட்டனைத் தடவி நிப்பாட்டியிருக்கிறா. சல்வோ போன் எடுக்கிறவனோ?

— ஒவ்வொரு திங்களும். ஏன் எடுக்கேல்லை எண்டு முதல் கேட்டுக்கொண்டே இருந்தவ. லைன் பழுது எண்டு சொன்னன். பிறகு கேக்கேல்லை.

— எப்ப தொடக்கம்?

— சல்வோ செத்த முப்பத்தோராம் நாளுக்கு நான் பூசை குடுத்த பிறகு.

— உனக்கென்ன விசரே? அது அவவின்ரை ஆக்கள் குடுத்த பூசை எண்டெல்லோ நான் நினைச்சனான். நீ ஏன் குடுத்தனி?

— ஒருத்தரும் குடுக்காட்டி அந்த ஆத்துமம் என்ன செய்யும்? இத்தாலியன் பூசையிலை குடுத்தால் கண்டுபிடிச்சிடுவா எண்டு எங்கடை தமிழ்ப் பூசையிலை குடுத்தன். அவவைத் தனிய விடேலாது, கூட்டிக்கொண்டு போனன். தமிழ் விளங்காதுதானே.

— தமிழ் விளங்காது. மகன்ரை பேர் விளங்கும். சாமியார் முழுப் பேரும் வாசிச்சவர். பூசை முடிய எங்கடை சனம் ஒவ்வொண்டா வந்து அவவின்ரை கையைப் பிடிச்சது. நானும் பிடிச்சனான். அவ என்ரை கையைக் கனநேரம் விடேல்லை.

— தெரிஞ்சால் ஏன் ஒவ்வொரு ஞாயிறும் என்னோடை சேந்து கை தட்டுறா?

— நீ தட்டுறாய். அதாலை அவவும் தட்டுறா.

— மாதாவே... இப்ப நான் என்ன செய்ய?

— நாளைக்கு மீனுக்குப் போகாதை. கசெற்றை நீயே போட்டு, அவவுக்குப் பக்கத்திலை இருந்து, "எனக்கும் தெரியும் சிஞ்ஞோரா" எண்டு சொல்லு.